சித்தியின் பழைய நெட்டும் ஆடிக் காற்றும்: கலியாணப் படத்துக்கு யோசனை வேண்டும்

கேட்டவர்: வெள்ளவத்தைக் கமரா

எல்லோருக்கும் வணக்கம்.

நான்கு வருடமாகப் பிறந்தநாள், சாமத்திய வீடு, சில இந்துக் கலியாணங்கள் என்று படம் எடுத்து வருகிறேன். கத்தோலிக்கக் கோயில் கலியாணம் ஒன்றை முழுப் பொறுப்பாக எடுக்கப்போவது இதுதான் முதல் தடவை. அதுவும் வெளியாட்கள் இல்லை, என் சித்தியின் மகள். ஜூலை கடைசிச் சனிக்கிழமை, கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் பின்னேரம் மூன்று மணிக்குப் பூசை. (ஆடி என்பதால் மண்டபம் இலகுவாகக் கிடைத்தது. சித்தப்பாவுக்கு அதில் பெரிய சந்தோஷம்.) பூசை முடிந்து, கொழும்பில் கடலோரப் புல்வெளியான காலிமுகத்திடலில் ஒரு மணித்தியாலம் படம், பிறகு மண்டபம்.

தங்கச்சி வெள்ளைச் சேலைதான் உடுக்கிறாள். தலையில் போடப்போவது சித்தியின் நெட், அதாவது பொம்பிளை போடும் வலைத்துணி முக்காடு. 1989இல் மன்னாரில் சித்தி கலியாணம் கட்டியபோது போட்டது. மூன்று யார் நீளம், ஓரம் முழுக்கக் கையால் தைத்த ரேந்தை (லேஸ்). 1990இல் போரால் எல்லோரும் இடம்பெயர்ந்து மடு மாதா கோயிலடிக்குப் போனபோது சித்தி அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்துக் கொண்டுபோனார். கலியாண அல்பம் வீட்டோடு போய்விட்டது. நெட் மட்டும் தப்பியது. அதனால் சித்தி அந்த நெட்டைப் போட்டிருக்கும் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

இப்போது என் பிரச்சினைகள். நெட் மஞ்சளாகிவிட்டது, டின்னின் துரு நாலைந்து இடத்தில் புள்ளியாகப் பிடித்திருக்கிறது. புதுச் சேலையின் பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் அழுக்குத் துணி மாதிரித் தெரிகிறது. போன ஞாயிறு ஒரு சிநேகிதியை யன்னலடியில் இருத்தி, முகத்தில் நெட்டைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். கமரா கண்ணைப் பிடிக்காமல் நெட்டையே பிடிக்கிறது. கண்ணைப் பிடித்த ஒன்றிரண்டு படத்திலும் முகம் புகை மூடியது போல வெளிறி இருக்கிறது. சில படங்களில் நெட்டின் மேல் தண்ணீர் அலை மாதிரி ஒரு கோலம், கண்ணால் பார்த்தால் அது இல்லை. காலிமுகத்திடலில் நெட் பறக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று தங்கச்சி கேட்கிறாள். ஜூலைக் காற்றில் அந்தப் பழைய துணி தாங்குமா என்று எனக்குப் பயம்.

இன்னொன்று. தாலி கட்டும் நேரத்தில் நெட் மாப்பிள்ளையின் கையை மறைக்கும் என்று சொல்கிறார்கள். அதை எப்படிச் சமாளிப்பது?

இந்த நெட்டை வைத்து வடிவான, கொஞ்சம் வித்தியாசமான படங்கள் எடுக்க வேண்டும். பார்க்கும்போது சித்திக்கு அது தன்னுடைய நெட் என்று தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.

---

பதில் 1: கொட்டாஞ்சேனை ஸ்டூடியோக்காரன்

மகள், கமராவைக் கொஞ்ச நேரம் அலுமாரியில் வையுங்கள். வீட்டில் நுளம்பு வலை இருக்கிறதா? இன்றிரவு அதைக் கட்டி, உள்ளே யாரையாவது படுக்க விடுங்கள். அறை லைட்டை அணைத்துவிட்டு, ஒரு டோர்ச்சை வலைக்கு வெளியே, நீங்கள் நிற்கிற பக்கத்தில் இருந்து அடியுங்கள். வலை வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். பிறகு அதே டோர்ச்சை உள்ளே இருப்பவரின் கையில் கொடுத்து, அவருடைய முகத்துக்கு அடிக்கச் சொல்லுங்கள். வலை இருந்த இடம் தெரியாது, முகம் மட்டும் தெரியும்.

நெட்டை வைத்து எடுக்கும் படம் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். நெட்டில் வெளிச்சம் பட்டால் நெட் தெரியும். நெட்டுக்குப் பின்னால் இருப்பதில் வெளிச்சம் பட்டால் அது தெரியும். எது தெரிய வேண்டும் என்று நீங்கள்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் சிநேகிதி முகம் வெளிறியதற்குக் காரணம், யன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்திருக்கும். வெளிச்சம் நேராக நெட்டில் விழுந்து திரும்பியிருக்கிறது. அடுத்த முறை யன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வரட்டும். நெட்டின் ஒரு ஓரத்தை யன்னல் பக்கம் கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள், வெளிச்சம் அந்த இடைவெளியால் நேரே கன்னத்தில் விழும். உங்களுக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கும் நெட் நிழலில் இருக்கட்டும். வித்தியாசத்தை உடனே காண்பீர்கள்.

கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸை நெட்டுக்கு முன்னால் அணைத்துவிடுங்கள். ஒற்றைப் புள்ளியை எடுத்து இமை ஓரத்தில் வையுங்கள். அதுவும் தடுமாறினால் திரையில் பெருப்பித்துப் பார்த்துக் கையால் சுற்றுங்கள். நெட் முகத்தோடு ஒட்டியிருந்தால் லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 4, 5.6 என்று போங்கள், கண்ணும் நெட்டும் சேர்ந்து தெளிவாக வரும். நெட்டை லென்ஸின் முகப்புக்குக் கிட்டப் பிடித்து, எஃப் 2 அளவில் எடுத்தால் நெட் காணாமல் போய் ஒரு பனி மூட்டம் மாத்திரம் மிஞ்சும். இரண்டும் இரண்டு விதமான படம். ஒன்றை எடுக்கப் போய் மற்றதை எடுத்துவிடாதீர்கள்.

அந்தத் தண்ணீர் அலையை மோரே என்பார்கள். நுளம்பு வலை இரண்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பாருங்கள், அதே கோலம் வரும். உங்கள் கமராவின் சென்ஸரும் கட்டம் கட்டமான ஒரு வலைதான். நெட்டின் கண்ணும் சென்ஸரின் கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழும்போது அலை எழும்பும். அரை அடி முன்னே போங்கள், அல்லது கொஞ்சம் சரிந்து நில்லுங்கள், போய்விடும். பிறகு கணினியில் அழிக்கலாம் என்று விட்டால் நாள் முழுக்க இருந்து அழிக்க வேண்டிவரும்.

வெள்ளை நெட் படத்தை நிறைத்தால் கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கும் வெளிச்ச அளவை, முக்கால் தொடங்கி ஒரு ஸ்டொப் வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

இனிக் காலிமுகத்திடல். அங்கே கடலோர நடைபாதையை 1859இல் முடித்துக் கல்வெட்டு வைத்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவிட்டுப் போனார். அவர்கள் காற்று வாங்கவென்று விட்ட இடம். அந்தக் காற்றுக்கு ஒரு திசை இருக்கிறது. ஜூலையில் அது தென்மேற்கிலிருந்து, கடலிலிருந்து தரைக்கு அடிக்கும். பொம்பிளையின் முதுகு கடலுக்கு இருக்கும்படி நிறுத்தினால் நெட் அப்படியே முகத்தைச் சுற்றிக்கொள்ளும், எடுத்துவிடுவதிலேயே நேரம் போகும். அநேகம் பேர் விடுகிற பிழை இது. சூரியன் பின்னால் வேண்டும் என்று அப்படி நிறுத்துகிறார்கள்.

பொம்பிளை கடலைப் பார்த்து நிற்கட்டும். நெட் தானாகத் தரைப் பக்கம் பறக்கும். நீங்கள் ஹோட்டல் பக்கமாக, அதாவது தெற்கில் நின்று, வடக்குப் பார்த்துப் பக்கவாட்டில் எடுங்கள். அந்த மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் விழாது, வடமேற்குப் பக்கம் சாய்ந்துதான் விழும். ஆகவே வெளிச்சம் உங்களுக்கு இடது பக்கம், கொஞ்சம் முன்னாலிருந்து வந்து நெட்டை ஊடுருவும். காற்றும் நெட்டை உங்களிடமிருந்து விலக்கித்தான் கொண்டுபோகும். 85 அல்லது 135 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டு முழங்கால் உயரத்துக்குக் குனியுங்கள், சனிக்கிழமைச் சனமும் இறால் வடை வண்டிகளும் கீழே மறையும். வடக்கில் துறைமுக நகரத்துக்காக நிரப்பிய தரை இருக்கிறது, அதையும் லென்ஸைத் திறந்து கரைத்துவிடலாம். ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறைய வேண்டாம். பட்ட நூலைக் கவனியுங்கள், அந்த மாதத்தில் பிள்ளைகள் நிறையப் பட்டம் விடுவார்கள்.

அந்த நாளில் சூரியன் ஆறரை மணிக்கு விழும். ஐந்தே முக்காலுக்கு நீங்கள் புல்லில் நிற்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து சனிக்கிழமை நெரிசலில் வருவதை மறக்காதீர்கள்.

மழை வந்தால் கவலைப்பட வேண்டாம். குடைக்குக் கீழே இருவரையும் நிறுத்தி, அவர்களின் முதுகுக்குப் பின்னால் இடுப்பளவில் ஒரு சின்னப் பிளாஷ், நெட்டைப் பார்த்தபடி. மழைத்துளியும் நெட்டும் சேர்ந்து எரியும்.

மெழுகுதிரி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் யாஷிகா இரட்டைக் கண் கமராவில், ஒரு ரோலுக்கு 12 படம் என்று எண்ணி எடுத்த காலத்தில், ஒரு பூசையில் பொம்பிளை மெழுகுதிரி ஏற்றக் குனிந்தார். நெட்டின் ஓரம் சுவாலையில் பட்டது. நைலோன் நெட் துணி மாதிரிப் பற்றாது, உருகிக்கொண்டே ஏறும், உருகியது தோலில் ஒட்டும். நான் கமராவை அப்படியே விட்டுவிட்டுக் கையால் அமத்தினேன். பொம்பிளைக்கு ஒன்றுமில்லை, என் உள்ளங்கையில் அடையாளம் இன்னும் இருக்கிறது. பொம்பிளைத் தோழியிடம் முதலே சொல்லிவையுங்கள்: திரி ஏற்றும்போது நெட் முழுவதையும் முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். கம்பி மத்தாப்பைக் கையில் கொடுத்து நெட்டோடு படம் எடுக்க யாராவது கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

தாலிக்கும் அதே தோழிதான். தாலிக்கொடியின் பூட்டு பிடரியில் வரும். மாப்பிள்ளை கையைக் கொண்டுபோகும் முன்பே தோழி பின்னாலிருந்து நெட்டின் இரண்டு ஓரத்தையும் கூடாரம் மாதிரி மேலே தூக்கிப் பிடித்தால் கை மறையாது. அந்தக் கூடாரத்துக்குள்ளேயே ஒரு படம் இருக்கிறது. நீங்கள் பக்கவாட்டில், பீடத்துக்குக் கீழ்ப்படியில் நின்றால் நெட்டுக்கு அடியில் இரண்டு முகமும் தாலியும் மட்டும் தெரியும். எங்கே நிற்கலாம் என்று முதல் நாளே பூசை வைக்கிற சுவாமியிடம் கேட்டுவிடுங்கள்.

---

பதில் 2: ஊசிநூல்

நான் பொம்பிளை உடுத்துகிற ஆள், இருபது வருடமாகிறது. அண்ணர் வெளிச்சத்தைச் சொல்லிவிட்டார், நான் துணியைச் சொல்கிறேன்.

தங்கச்சி, அந்தத் துருப் புள்ளிக்கு பிளீச் போடவே போடாதீர்கள். குளோரின் பட்டால் துரு இன்னும் இறுகும், நைலோன் இன்னும் மஞ்சளாகும், கையோடு கிழியவும் கிழியும். பெரிய பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தைகளுக்குப் பாவிக்கிற சவர்க்காரத்தைக் கரைத்து, நெட்டை மடித்தபடியே ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம், பிழிய வேண்டாம். தூக்கும்போது ஒரு துவாயைக் கீழே விட்டு, துவாயோடு தூக்குங்கள். ஈர ரேந்தை பாரமாக இருக்கும், அதன் பாரத்திலேயே நெட் கிழியும். கொடியில் போடாமல் நிழலில் பரப்பிக் காய விடுங்கள். மஞ்சள் முழுக்கப் போகாது. மேலே படிந்த ஊத்தை போகும், அதுவே போதும்.

அயர்ன் பண்ணுகிறவர்கள் நெட்டை ஒரு நொடியில் பொரித்துவிடுவார்கள். சுடுதண்ணீர் ஆவி நிறைந்த குளியலறையில் அரை மணித்தியாலம் தொங்கவிட்டால் சுருக்கம் தானாக இறங்கும்.

நிறத்துக்கு ஒரு வழி. சேலை இன்னும் வாங்கவில்லை என்றால் பளீர் வெள்ளையை விட்டுவிட்டுத் தந்த நிறத்தில் எடுங்கள். நெட்டின் ஒரு நுனியைக் கடைக்குக் கொண்டுபோய் வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்து எடுக்க வேண்டும், கடை லைட்டில் எல்லாம் ஒரே நிறம்தான். வாங்கிவிட்டீர்கள் என்றால் சேலைக்கரைக்கு நெட்டின் நிறத்தில் மெல்லிய ரேந்தை வைத்துத் தையுங்கள். மஞ்சள் அப்போது தனியாக நிற்காது, சோடி சேர்ந்துவிடும். துருப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, தலையில் கொசுவம் பிடிக்கும்போது அந்த இடத்தை மடிப்புக்குள் விடுவது என் வேலை மாதிரி ஆட்களின் வேலை. கஷ்டமே இல்லை.

காலிமுகத்திடலுக்கு அந்த நெட்டைக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். 36 வயதான நைலோன், உப்புத் தூவானம், ஆடிக் காற்று. புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கம் போனால் அகலம் கூடிய மென்மையான நெட் வாங்கலாம். மூன்று யார் எடுங்கள். கான்கான் நெட் வேண்டாம், அது பாவாடைக்கு உள்ளே வைக்கிற விறைப்பான சாமான், பறக்காது. ஓரம் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விடுங்கள். நெட் நூல் பிரியாது, ஓரத்தில் பாரம் இல்லாவிட்டால்தான் காற்றில் மிதக்கும். மணி, முத்து ஒன்றும் வேண்டாம்.

சீப்பை மட்டும் நம்பிப் பறக்கவிட்டால் முடியோடு பிடுங்கும், பொம்பிளையின் கண்ணில் தண்ணீர் வரும். சீப்பின் இரு முனையிலும் நூலால் சின்ன வளையம் தைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஹெயார் பின்னைக் குறுக்கு மறுக்காகக் குத்துங்கள்.

கையைக் கழுவிக்கொள்ளச் சொல்வேன், எல்லோருக்கும். 2018இல் இங்கிலாந்து இளவரசர் ஹரியைக் கட்டிய மேகன் மார்க்கலின் கலியாணத்துக்கு ஐந்து மீற்றர் நெட்டில் பொதுநலவாய நாடுகள் 53இன் பூக்களையும் தைத்தார்கள். நம்முடைய நீலோற்பலமும் அதில் இருந்தது. அதைத் தைத்த பெண்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை கை கழுவினார்கள். நம் கலியாண வீட்டிலோ பலகாரத் தட்டை வைத்துவிட்டு நேரே நெட்டைத் தொடுவார்கள்.

---

வெள்ளவத்தைக் கமரா (மீண்டும்)

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நுளம்பு வலையை நேற்றிரவே கட்டிப் பார்த்துவிட்டேன். தம்பி உள்ளே டோர்ச்சோடு படுத்திருந்தான். வலை காணாமல் போனதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நாளும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. கடற்கரையில் வேறு நெட்டைப் போட்டு எடுத்துவிட்டு அல்பத்தில் சேர்த்தால், சித்தி அதைத் தன்னுடையது என்று நினைக்க மாட்டாரா? அது பொய் இல்லையா? சித்தியிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

---

பதில் 3: நெட்டுக்குள் இருந்தவள்

நான் படம் எடுப்பவள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் வுல்பெண்டால் தேவாலயத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. உள்ளே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முகத்தில் நெட் விழுந்தவுடன் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் குறைவதில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது. அதோடு புழுக்கம். மூச்சு விட்டால் நெட் உதட்டில் ஒட்டும். படி தெரியாது, கீழே பார்த்தால் நெட்டின் மடிப்புத்தான் தெரியும். என்னை "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கால் மணித்தியாலம் அப்படியே நிற்க வைத்தார்கள். பவுடர் நெட்டில் ஒட்டி மூக்கடியில் வட்டமாகத் தெரிந்தது. ஆகவே முகத்தை மூடி எடுக்கும் படங்களை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். எத்தனை நிமிடம் என்று தங்கச்சிக்கு முதலே சொல்லுங்கள்.

1757இல் திறந்த கோயில் அது, சுவர் அவ்வளவு தடிப்பு, யன்னல் உள்ளுக்குப் போயிருக்கும். வெளிச்சம் பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் வரும். அண்ணர் சொன்ன அதே பக்க வெளிச்சம். தரையில் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். படம் எடுத்தவர் நெட்டை அந்தக் கற்களின் மேல் விரித்து எடுக்கக் கேட்டார். என் மாமியார் விடவில்லை. அன்று எனக்குக் கோபம். இப்போது அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன், ஒருவருடைய பெயரின் மேல் விரிக்கிற துணி இல்லை அது.

பொய்யா என்று கேட்டீர்கள். பறக்கிற படத்தில் இருப்பது காற்று. யாருடைய நெட் என்பது அதில் தெரியப்போவதில்லை. பழைய நெட்டுக்கு ரேந்தை இருக்கிறது, துருப் புள்ளி இருக்கிறது. அதைக் கிட்டப் போய் எடுங்கள். சித்தியிடம் கட்டாயம் கேளுங்கள். அவரிடம் கேட்காமல் செய்தால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும். கேட்கும்போது டின்னையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

---

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோக்காரன்

நெட்டுக்குள் இருந்த தங்கச்சி சொன்னது சரி. துருப் புள்ளியை மறைக்க அக்கா வழி சொன்னார், பூசைக்கு அது வேண்டும். ஆனால் ஒரே ஒரு படத்தில் அதை மறைக்காமல் எடுத்துவையுங்கள், மகள். மடுவுக்குப் போய் வந்த நெட் என்பதற்கு வேறு அத்தாட்சி உங்களிடம் இல்லை.

---

வெள்ளவத்தைக் கமரா (ஆகஸ்ட் முதல் வாரம்)

கலியாணம் நல்லபடி முடிந்தது. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் சரியில்லை என்று எழுதுகிறேன்.

சித்தியிடம் கேட்டேன். "பழையது காற்றில் கிழிஞ்சா நான் தாங்க மாட்டேன், புதுசை வாங்கு" என்று உடனே சொல்லிவிட்டார். நான் ஒரு கிழமையாகத் தயங்கியதற்கு ஒரு நிமிடத்தில் பதில். கெய்சர் வீதியில் மூன்று யார் வாங்கினோம்.

கழுவியபோது தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. சேலை முதலே வாங்கியிருந்ததால் அக்கா சொன்னபடி கரைக்கு ரேந்தை வைத்தோம். பூசையில் யாருக்கும் நிற வித்தியாசம் தெரியவில்லை.

தாலி நேரத்தில் தோழி நெட்டைத் தூக்கிப் பிடித்தாள். முதல் நாள் வீட்டில் மூன்று தரம் பழக்கியிருந்தோம். ஆனால் நான் நிற்க நினைத்த படியில் சுவாமி நிற்க வேண்டாம் என்றார், இரண்டு படி கீழே போக வேண்டியதாயிற்று. அதுவே நல்லதாகப் போனது. கீழிருந்து பார்க்கும்போது நெட் கூரை மாதிரி மேலே நிறைந்து, மாப்பிள்ளையின் விரல்கள் பூட்டைத் தேடுவது தெளிவாக விழுந்தது. திரி ஏற்றும்போதும் தோழி மறக்கவில்லை.

காலிமுகத்திடலுக்கு ஆறு மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். பாதி வானம் முகில். தெற்கே நின்று வடக்குப் பார்த்தேன். காற்று நினைத்ததைவிடப் பலம், நெட்டை யாரும் வீசத் தேவையே இருக்கவில்லை. தோழி இரண்டு நுனியையும் பிடித்திருந்து கையை விட்டதுதான், நெட் முழு நீளத்துக்கும் நீட்டி நின்றது. சூரியன் முகிலுக்குக் கீழே இறங்கி ஏழெட்டு நிமிடம் வெளிச்சம் தந்தது. அதற்குள் நாற்பது படம் எடுத்தேன், அதில் ஐந்து நல்லது. ஒன்றில் தூரத்தில் ஒரு பட்டத்தின் வால் நெட்டின் வளைவுக்கு நேரே மேலே வந்திருக்கிறது. தற்செயல்தான், ஆனால் தங்கச்சி அதைத்தான் பெரிதாக அடிக்கக் கேட்கிறாள். லென்ஸில் உப்புப் படிந்து கடைசிப் பத்துப் படம் மங்கல். துடைக்க ஒரு துணிதான் கொண்டுபோயிருந்தேன், மூன்று வேண்டும்.

எனக்குப் பிடித்த படம் விடியவே எடுத்தது. கோயிலுக்கு வெளிக்கிடும் முன், வீட்டு யன்னலடியில் தங்கச்சியைக் கதிரையில் இருத்தினோம். சித்தி டின்னைத் திறந்து நெட்டை எடுத்துத் தலையில் வைக்க வந்தார். வைப்பதைத்தான் எடுக்க நின்றேன். சித்தி நெட்டை விரித்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குனிந்து, தானும் அதற்குள் தலையை விட்டார். மகளின் நெற்றியில் நெற்றியை வைத்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. யன்னல் வெளிச்சம் திறந்திருந்த பக்கத்தால் உள்ளே போய் இரண்டு முகத்திலும் விழுந்தது. என் பக்கம் நெட் இருட்டில். நுளம்பு வலைக்குள் தம்பி தெரிந்த மாதிரி இருவரும் தெரிந்தார்கள். கையால் ஃபோகஸைச் சுற்றி மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் கண் தெளிவு. சித்தியின் காதுக்குப் பக்கத்தில் ஒரு துருப் புள்ளி, காசளவு, நன்றாகத் தெரிகிறது.

நேற்று அந்தப் படத்தை அடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி கண்ணாடியைப் போட்டு அதிக நேரம் பார்த்தார். "நான் நெட்டோட இருக்கிறேன்" என்றார். பிறகு புள்ளியைத் தொட்டுக் காட்டி, "இது டின்னின்ர மூடி பட்ட இடம்" என்றார்.

நெட்டை இப்போது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். டின்னில் பொத்தான்கள்.